தயிர் டப்பாவில் மூணு செடி: ஊசி மாதிரி இருக்கிறதெல்லாம் பைன் இல்ல

இன்னைக்கு ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்தே நேரா ஆரம்பிக்கிறேன். அவங்க இருக்கிறது வேளச்சேரியில், ஒரு அடுக்குமாடி வீட்டில். குன்னூரில் தனியா இருந்த அவங்க அப்பா ஆறு மாசம் முன்னாடி காலமாயிட்டார். வீட்டைக் காலி பண்ணும்போது ஜன்னலோரம் மூணு தயிர் டப்பா இருந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு செடி, எல்லாம் ஊசி ஊசியா. பேர் எதுவும் எழுதி வைக்கலை. பக்கத்தில் போன்சாய் பத்தி ஒரு பழைய புத்தகம். இப்போ செடிகள் குன்னூரில் பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு. “இது மூணும் என்ன செடி? சென்னைக்குக் கொண்டுவந்து போன்சாயா வளர்க்கலாமா? ஆன்லைனில் ஜப்பான் மண் விலையைப் பார்த்தாலே தலை சுத்துது, வேற வழி இருக்கா?” இதுதான் கேள்வி. கூடவே போட்டோக்களும் அனுப்பியிருந்தாங்க.

முதல்ல பேரைக் கண்டுபிடிக்கணும். பேர் தெரியாம கத்திரியை எடுக்கக் கூடாது. ஆலமரத்தை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். பைன் அப்படி இல்ல. பச்சை ஊசியே மிச்சமில்லாத கிளையில் வெட்டினா, பெரும்பாலான பைன் வகைகளில் அந்தக் கிளை அதோட முடிஞ்சது.

நாற்றா இருக்கும்போது அடையாளம் காணுறது கஷ்டம். ஏன்னா குழந்தைச் செடியோட இலையும் வளர்ந்த மரத்தோட இலையும் வேற வேற. புத்தகங்கள் “பைன் ஊசிகளைக் கொத்தா எண்ணிப் பாருங்க, ரெண்டா, மூணா, அஞ்சா” அப்படின்னு சொல்லும். ஆனா முதல் வருஷ பைன் நாற்றில் கொத்தே இருக்காது. முளைச்சதும் குடைக்கம்பி மாதிரி வட்டமா விதையிலைகள் விரியும். அதுக்கு மேலே ஒத்தை ஒத்தையா, கொஞ்சம் நீலம் கலந்த பச்சையில் ஊசிகள் வரும். அதுக்கப்புறம்தான் கொத்து.

முதல் போட்டோவில் அது நல்லாத் தெரியுது. கீழே ஒத்தை ஊசிகள், உச்சியில் புதுசா மூணு மூணா, அடியில் மெல்லிசா ஒரு உறை. இது பைன்தான். ஒரு கொத்தைப் பிடுங்கி மூணு ஊசியையும் சேர்த்து விரலில் உருட்டிப் பாருங்க. ஒரு முழு உருளையா ஒட்டிக்கும். கேக்கை மூணா வெட்டின மாதிரிதான் ஒவ்வொரு ஊசியும் இருக்கும். நீலகிரியில் நட்டு வளர்த்த பைன்களில் மூணு ஊசியோட, மெலிசா, நீளமா, தலைமுடி மாதிரி தொங்கினா அது பெரும்பாலும் பைனஸ் பட்டுலா. மெக்சிகோவோட உயரமான மலைகள்தான் அதுக்குச் சொந்த ஊர். இந்த நாற்று தொங்குற வயசுக்கு இன்னும் வரலை, அதனால ‘பைன்’ அப்படிங்கிறதோட நான் நிறுத்திக்கிறேன்.

ரெண்டாவது செடியில் கொத்து இல்ல. கீழே குட்டி ஊசிகள், பக்கக் கிளைகளின் நுனியில் மட்டும் செதில் மாதிரி தண்டோட ஒட்டின இலைகள். இது சைப்ரஸ் குடும்பம். நுனியைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா, “எலுமிச்சைத் தோல் மாதிரி வாசம் வருது”ன்னாங்களாம். மலை ஊர்களில் வேலியோரம் நிற்கிற மாண்டெரி சைப்ரஸா இருக்க வாய்ப்பு அதிகம்.

(ஒரு சின்ன விஷயம். நாம ஊட்டியில் பார்க்கிற பைன், சைப்ரஸ் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்தது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான கூம்புத் தாவரம் ஒண்ணே ஒண்ணுதான், நாகியா வல்லிச்சியானா. அதுக்கு ஊசியே கிடையாது, அகலமான இலை. பக்கத்திலேயே நின்னாலும் நாம கண்டுக்காம நடந்து போயிடுவோம்.)

மூணாவது செடிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஊசி நீளமா, பென்சில் கோடு மாதிரி. ‘ஒரு ஊசியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, எங்கே அறுபடுது?’ன்னு கேட்டேன். கணு கணுவா, டக்குனு கழண்டு வந்திருக்கு. அப்போ அது ஊசியிலையே இல்ல, குச்சி. நிஜமான இலை அந்தக் கணுவைச் சுத்தி இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பல்லு மாதிரி செதில்கள். லென்ஸ் வெச்சு எண்ணினா ஏழோ எட்டோ வரும். இது கூம்புத் தாவரமே கிடையாது, பூக்கிற தாவரம். நம்ம சவுக்கு!

குன்னூர் ஜன்னலில் சவுக்கு எப்படி? நேயரே பதில் எழுதினாங்க: “அப்பா கடைசியா சென்னை வந்தப்போ திருவான்மியூர் பீச்சில் குட்டிக் குட்டிக் காயா பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டார்.” அந்தக் காயைக் காகிதத்தில் வெச்சா காய்ஞ்சு வாய் திறந்து, சிறகு வெச்ச விதைகள் கொட்டும். அவர் அதைத்தான் செஞ்சிருக்கணும்.

இப்போ கஷ்டமான பதில். பைனையும் சைப்ரஸையும் சென்னைக்குக் கொண்டுவராதீங்க. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். வேளச்சேரி பால்கனியில் மே மாசம் ராத்திரிகூட சூடு இறங்காது. இந்த மாதிரி மரங்கள் செத்த பிறகும் பல வாரம் பச்சையாவே நிற்கும். நீங்க தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பீங்க, அது எப்பவோ போயிருக்கும். ரெண்டையும் பக்கத்து வீட்டு அக்காகிட்டயே தொட்டியில் விடுங்க. மலைச்சரிவில் நட்டுடாதீங்க, பைன் புல்வெளிக்குள்ள தானாப் பரவும். பெரிய தொட்டிக்கு மாத்தும்போது வேர்மண்ணைச் சுத்தமாக் கழுவிடாம பழைய மண்ணில் கொஞ்சம் சேர்த்தே வைக்கச் சொல்லுங்க. பைன் வேரோட சேர்ந்து வாழ்ற பூஞ்சை அதில் இருக்கும், அது இல்லாம பைன் திணறும்.

சவுக்கைக் கூட்டிட்டு வாங்க. உப்புக்காத்து, வெயில், மணல் எல்லாம் அதுக்குப் பழக்கம். இந்தோனேசியாவிலும் தைவானிலும் சவுக்குல அருமையான போன்சாய் பண்றாங்க.

இனி மண். ஜப்பானில் அகடாமான்னு ஒரு எரிமலைக் களிமண் உருண்டையைப் போடுறாங்க. அதோட வேலை ரெண்டு: தண்ணியைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கணும், உருண்டைகளுக்கு நடுவில் காத்து போகணும். அதை ஏன் நாம செய்ய முடியாது?

காரணத்தைப் புரிஞ்சுக்க ஒரு பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுங்க. நனைச்சு, படுக்கைவாட்டில் பிடிங்க. சொட்டுறது நின்னதும் செங்குத்தா நிமிர்த்துங்க. மறுபடியும் தண்ணி கொட்டும்! தொட்டியும் அப்படித்தான். அடியில் எப்பவும் ஒரு ஈர அடுக்கு தங்கும். ஆழம் கம்மியான போன்சாய்த் தட்டில் அந்த அடுக்கே பாதித் தட்டை நிரப்பி, வேர் அழுகும். அடியில் கூழாங்கல் போட்டா சரியாயிடும்னு சொல்வாங்க, ஆகாது. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். மொத்த மண்ணும் பெரிய துகளா இருந்தாத்தான் அந்த அடுக்கு மெலியும்.

அதனால் உடைஞ்ச மண்தொட்டி, பழைய ஓடு, நல்லா வெந்த செங்கல் எடுத்துக்கோங்க. ஒரு துண்டை ராத்திரி முழுக்கத் தண்ணியில் போடுங்க, காலையில் விரலில் கரைஞ்சா அது வேகாத செங்கல், வேண்டாம். சிமெண்ட் ஒட்டின இடிபாட்டுச் செங்கலும் வேண்டாம், அதில் இருக்கிற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். சாக்குக்குள்ள போட்டுச் சுத்தியால் உடைங்க. மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதல்ல கால் இஞ்ச் கம்பி வலையில் சலிங்க, அப்புறம் ஜன்னல் கொசுவலையில். ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறதுதான் நமக்கு வேணும்.

அது ரெண்டு பங்கு, அதே அளவில் சலிச்ச கருங்கல் சில்லு ஒரு பங்கு, தேங்காய் நார்க் கழிவு அரைப் பங்கு. நார்க் கழிவில் உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை ஊறவெச்சுப் பிழிஞ்சிட்டுப் போடுங்க. எம்-சாண்ட் அப்படியே போடாதீங்க, அதில் இருக்கிற மாவு எல்லா இடைவெளியையும் அடைச்சிடும்.

தட்டுக்கு இப்போ அவசரமே இல்ல. அடித்தண்டு கட்டைவிரல் தடிமனாகணும். அதுவரைக்கும் ஓட்டை ஓட்டையா இருக்கிற சின்ன பிளாஸ்டிக் கூடையில் வளருங்க. ஓட்டைக்கு வர்ற வேர்நுனி காத்துப்பட்டுக் காய்ஞ்சு, உள்ளே நிறைய சின்ன வேர் கிளைக்கும். கத்திரி வெயில்ல மட்டும் மாத்த வேண்டாம், ரெண்டு மழை பெய்யட்டும்.

கொசுவலைக்குக் கீழே விழுந்த செங்கல் தூளைக் குப்பையில் கொட்டிடாதீங்க. கறிவேப்பிலைத் தொட்டியில் ரெண்டு பிடி கலந்துவிடுங்க, அது ஒண்ணும் சொல்லாது.