'இன்' படுத்தும் பாடு

பிரெஞ்சுக்காரர்களோடு வேலை பார்க்கப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 'இன் டூ அவர்ஸ் பம்ப்பை ரிப்பேர் பண்ணுவோம்' என்கிறோம். இரண்டு மணி நேரத்துக்குள்ளா, இரண்டு மணி நேரம் கழித்தா? ஆங்கிலம் ஒரே 'இன்' போட்டு நழுவிவிடும். பிரெஞ்சில் அது நடக்காது. வேலை முடியப் பிடிக்கும் நேரத்துக்கு 'ஆன்', அவ்வளவு நேரம் கழித்து என்றால் 'தான்' (நம்ம 'தான்' இல்லை!). மாற்றிச் சொன்னால் நம்ம ஆள் பம்ப்பைத் திறந்து வைத்திருப்பான், அங்கே லைன் ஓடிக்கொண்டிருக்கும்.

'இவென்ச்சுவலி' இன்னும் மோசம். ஆங்கிலத்தில் வால்வ் கடைசியில் திறந்தே தீரும். அதே சாயலில் இருக்கும் பிரெஞ்சு 'எவான்துயெல்மான்' போட்டால் திறந்தாலும் திறக்கலாம். மேனுவலில் அதை எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'க்குள்', 'கழித்து' என்று நம்மிடம் தனித்தனியாகவே இருக்கிறதே!