காலடியும் கண்ணும்



ஜினாலய வாயிலில் காலணியைக் கழற்றி வைப்பது நயினார் இல்லத்துச் சிறுவரும் அறிந்த வழக்கம். தூய்மைக்காக என்பர், பணிவுக்காக என்பர். இவ்விரண்டும் பல சமயத்தார்க்கும் பொதுவானவை. ஆனால் சமண முனிவர் ஆலயத்தில் மட்டுமன்றிக் காட்டிலும் மேட்டிலும் வெறுங்காலோடு நடப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு.

ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. கதிரவன் ஒளியில், பலரும் நடந்து பழகிய வழியில், நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராமல் அடிவைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. செருப்பணிந்த கால் தன்கீழ் அகப்பட்டதை அறியாது. வெறுங்கால் அறியும், எனினும் கால் அறியுமுன் கண் அறிதல் வேண்டும்.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் இவ்விதி உயிர்பெற்று நடக்கிறது. மதுரையில் அறவுரை கேட்க விரும்பிய கவுந்தியடிகள், கோவலன் கண்ணகியோடு புறப்படுகிறார். அவர் எடுத்துக்கொண்டவை பிச்சைப் பாத்திரம், தோளில் ஒரு துணி, கையில் மயிற்பீலி. காலணி அப்பட்டியலில் இல்லை. கண்ணகியின் மெல்லடி கல்வழியைத் தாங்காது என இரங்கும் அவ்வடிகள், நீர்க்கரை வழியின் இடர்களையும் கோவலனுக்கு எடுத்துரைக்கிறார். அங்கே நண்டும் நத்தையும் அறியாமல் மிதிபடக்கூடும். அவை படும் நோயைக் கண்டால் அத்துன்பம் தாங்க இயலாது என்கிறார். வழிப்போக்கர் அஞ்சுவது கள்வரையும் விலங்கையும். கவுந்தியோ தம் காலடிக்கே அஞ்சினார்.

இன்று தோல் செருப்பை விலக்கி ரப்பர் செருப்பு அணிவோர் பலர். நன்றே. ஆயினும் எறும்பின்மேல் விழும் எடை இரண்டிலும் ஒன்றுதான்.

முனிவர் விகாரம் செய்யும் வழியும் இன்று தார்ச்சாலையாகிவிட்டது. கோடையில் அது கொதிக்கும், வாகனங்கள் விரையும். நான்கு முழம் நோக்கி நடப்பவரை நானூறு முழத்துக்கு அப்பாலிருந்து பாய்ந்து வரும் லாரி நோக்குவதில்லை. சாலை விபத்துகளில் துறவியர் உயிர்நீத்த செய்திகள் தொடர்ந்து வருகின்றன. எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர்க்கு வழிவிடச் செய்வது இல்லறத்தார் கடமை. விகாரம் தம் ஊரைக் கடக்கும்போது இளைஞர் சிலர் ஒளிரும் மேலாடை அணிந்து, கொடி ஏந்தி, முன்னும் பின்னும் நடந்தால் போதும். பெருஞ்செலவு ஏதுமில்லை.

சிரவணபெளகொளா செல்லும் குடும்பத்தார்க்கு விந்தியகிரியின் படிகள் நினைவிருக்கும். நண்பகலில் பாறை சுடும். காலுறை அணிந்து ஏறுவோர் உண்டு. வைகறையில் ஏறுவோர்க்கு அது தேவைப்படுவதில்லை. உச்சியில் நிற்கும் பாகுபலியின் அடிகளருகே புற்றுகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றினின்று பாம்புகள் தலைநீட்டுகின்றன. அசையாது நின்ற அவ்வடிகளின் பக்கத்தில் அவை அச்சமின்றிக் குடியிருந்தன.