பொது விதியும் மறைந்த தடையும்



கல்லூரியிலும் பணியிடத்திலும் நிறவேற்றுமையைக் களைவது எங்ஙனம் என்பது குறித்துச் சில கூற விழைகின்றேன். வெறுப்பை வெளிப்படையாகக் காட்டுவோனைக் கண்டிப்பது எளிது. வெறுப்பின் சாயலே தெரியாமல் விலக்கி வைக்கும் விதிகளைக் கண்டறிவதே அரிது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்னும் மின் நிறுவனம் தன் டான் ரிவர் மின்நிலையத்தில் கறுப்பின மக்களைக் கூலிப் பிரிவில் மட்டுமே அமர்த்தியிருந்தது. அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியம், பிற பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்தினும் குறைவு. பணியிட வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2இல் நடைமுறைக்கு வந்தது. அன்றே அந்நிறுவனம், பிற பிரிவுகளில் புதிதாகச் சேர்வோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றிருப்பதோடு இரு தேர்வுகளிலும் தேற வேண்டும் என்றது. விதி எல்லார்க்கும் பொது. ஆயினும், தரம் தாழ்ந்த தனிப்பள்ளிகளில் பயின்ற கறுப்பினத்தாரையே அது பெரிதும் தடுத்தது. சான்றிதழ் இல்லாத பழைய வெள்ளைப் பணியாளரோ அதே பணியைச் செம்மையாகச் செய்து வந்தனர். வில்லி கிரிக்ஸும் உடனுழைத்த பன்னிருவரும் வழக்காடினர். பணிக்குத் தொடர்பில்லாத தேர்வு ஓரினத்தாரை விலக்குமாயின், நோக்கம் எதுவாயினும் அது செல்லாது என 1971 மார்ச் 8இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இனிக் கல்லூரிக்கு வருவோம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1970களில் கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோல்வியுற்றனர். ஆர்வமில்லை, அடிப்படையில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்று ஆசிரியர்கள் காரணம் கூறினர். யூரி டிரைஸ்மன் என்பவர் மாணவரோடு நெருங்கிப் பழகி ஆராய்ந்தார், அக்காரணங்கள் பொய்த்தன. கறுப்பின மாணவர் தனித்தனியே உழைத்துப் படித்தனர். சீன வழி வந்த மாணவரோ கூடிப் படித்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். டிரைஸ்மன் பின்தங்கியோர்க்கான எளிய வகுப்பு நடத்தவில்லை. மாணவரைக் குழுவாக அமர்த்திக் கடினமான கணக்குகளையே கொடுத்தார். மதிப்பெண்கள் உயர்ந்தன.

இவை கடல் கடந்த கதைகள் என எண்ணற்க. சாதியும் கடல் கடந்து சென்றுள்ளது. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகமும் வேற்றுமை தடுக்கும் தம் விதிகளில் சாதியையும் சேர்த்தன.

இளைஞர்களே! 'தகுதி' என்னும் சொல்லைக் கேட்டுத் தலை குனியாதீர்கள். அத்தகுதி அப்பணிக்கு உண்மையில் தேவைதானா என்று கேளுங்கள். தனியே படித்துத் தளராதீர்கள். இச்சங்கக் கட்டடத்தில் கூடிப் படியுங்கள். நாளை ஆசிரியராகவோ அலுவலராகவோ அமரும்போது, உங்கள் கையிலுள்ள விதி எவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள்.