தமிழ் இல்லாத பலகை



ஒரே ஒரு பலகையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் நின்ற பலகை. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையில் ஏற்றிய 342 பேரை ‘ட்ரூரோ’ கப்பல் கொண்டுபோய் இறக்கியது அந்த ஊரில்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன அவர்களில் தமிழ் பேசியவர்கள் பலர்.

பிற்காலத்தில் அங்கே நட்ட பலகை என்ன சொன்னது? டர்பன் கடற்கரை விதிகளின் 37-ஆம் பிரிவுப்படி, இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே. ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஆப்பிரிக்கான்ஸில் எழுதினார்கள், சூலுவிலும் எழுதினார்கள். தமிழில் மட்டும் இல்லை. விரட்டுவதற்குக்கூட நம் மொழியை மதிக்கவில்லை ஐயா! சிரிக்கிறீர்கள். படத்தில் அதைப் பார்த்தபோது எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

பலகைக்குப் பின்னால் இருந்த சட்டத்தைப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். கேப் டவுன் ரயில் நிலையத்தில், வெள்ளையருக்கான காத்திருப்பு அறைக்குள் ஒரு கறுப்பர் நுழைந்தார். வழக்கு மேல்முறையீடு வரை போனது. “பிரித்து வைப்பதானால் வசதி ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், இங்கே இல்லை, அவர்மேல் குற்றமில்லை” என்ற கருத்தில் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்திருக்க வேண்டும்? கறுப்பருக்கும் நல்ல அறை கட்டியிருக்க வேண்டும். அது கட்டியதோ ஒரு சட்டம்! வசதி சமமாக இல்லை என்று காரணம் காட்டி ஒதுக்கீட்டை எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது என்றது, 1953-ஆம் ஆண்டுச் சட்டம். ஏற்றத்தாழ்வை ஒளித்து வைத்த அரசுகள் உண்டு; அதையே சட்டமாக எழுதி வைத்த அரசு இது. 1960-இல் ஒரு திருத்தம் வந்து கடலையும் கரையையும் அதற்குள் சேர்த்தது.

இத்தனைக்கும், வெள்ளைக் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்த கறுப்பின ஆயாவை அந்தக் கரை உள்ளே விட்டது. அவள் பிள்ளையைத்தான் விடவில்லை.

1989 ஆகஸ்டில், கேப் டவுனுக்கு அருகே வெள்ளையருக்கென ஒதுக்கிய கரைகளுக்கு மக்கள் துண்டும் குடையுமாகக் குளிக்கப் புறப்பட்டார்கள். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு முன்னால் நடந்தார். காவல்துறை நாய்களோடும் சாட்டைகளோடும் காத்திருந்தது. ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு, அவர்கள்மேல் மணலை வாரியடித்தது. குளிக்க வந்தவர்கள்மேல்!

மூன்றே மாதம். கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று அதிபர் டி கிளர்க் அறிவித்தார். அன்று என்ன தேதி தெரியுமா? நவம்பர் 16. ட்ரூரோ கரை சேர்ந்து அன்றோடு 129 ஆண்டுகள்.