இடத்தைக் கருவி காட்டும், பெட்டியைக் கண் காட்டும்



2000-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி. அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அதுவரை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டு வந்தது. துல்லியமான கணக்கு ராணுவத்துக்கு, கலங்கிய கணக்கு மற்றவர்களுக்கு என்று வைத்திருந்தார்கள். நாம் நிற்கும் இடத்தைக் கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கலப்படத்தை அன்று நள்ளிரவோடு நிறுத்தினார்கள். ஒரே இரவில் அந்தப் பிழை இருபது மீட்டருக்குள் சுருங்கியது.

ஆரெகன் மாநிலத்தில் வாழ்ந்த கணினி வல்லுநர் டேவ் உல்மருக்கு இந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க ஆசை. மே 3-ஆம் தேதி, போர்ட்லண்ட் நகருக்கு வெளியே பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில், கறுப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். அதற்குள் ஒரு நோட்டும் பென்சிலும், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் ஜி.பி.எஸ். ஆர்வலர்கள் கூடும் ஒரு குழுவில் எழுதினார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி. மூன்று நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் போய்க் கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் கிடைத்தது. செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 பெட்டிகள். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

லண்டன், டொரண்டோ, சிட்னி என்று வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சனி ஞாயிறுகளில் இதை விளையாடுகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளையும் பூங்காவுக்கும் காட்டுப் பாதைக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். விளையாட்டில் இறங்கியதுமே எழும் கேள்வி, எந்தக் கருவியை வாங்குவது என்பது. அந்தக் கேள்விக்கும், வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் என்னால் முடிந்த விடையை இன்று சொல்கிறேன்.

முதலில், கருவி எப்படி இடத்தைத் தெரிந்துகொள்கிறது என்று பார்த்துவிடுவோம். நமக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். நம் கையில் இருக்கும் கருவி அந்த அறிவிப்பைக் கேட்கிறது. சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்துவிட்டால் இடமும் உயரமும் தெரிந்துவிடும். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு நேரம் பிசகினாலும் முப்பது சென்டிமீட்டர் தூரம் பிசகும். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் பாறைச் சுவருக்குப் பக்கத்திலும் சமிக்ஞை எதிலாவது மோதித் திரும்பித் தாமதமாக வரும். அங்கெல்லாம் கருவி தடுமாறுவது அதன் குறையல்ல, அந்த இடத்தின் இயல்பு.

சரி, கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு? நியாயமான கேள்வி. ஊருக்குள், பூங்காவுக்குள் விளையாட்டைத் தொடங்க உங்கள் கைபேசியே போதும். பணம் கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் கைபேசியை வைத்தே சில பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். பிடித்துப்போய், காடு மலை என்று போகத் தொடங்கும்போதுதான் தனிக் கருவி தேவைப்படும். அங்கே மழை பெய்யும், கை நனைந்திருக்கும், குளிருக்குக் கையுறை போட்டிருப்பீர்கள். நாள் முழுவதும் வரைபடத்தைத் திறந்து வைத்தால் கைபேசியின் பேட்டரி மாலைக்குள் தீர்ந்துவிடும். ஆபத்து நேரத்தில் யாரையாவது அழைக்க வேண்டிய கைபேசி அப்போது உயிரோடு இருக்க வேண்டும். தனிக் கருவி வாங்க இதுவே எனக்குத் தெரிந்த முதற்காரணம்.

வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்தப் பென்சில் பேட்டரி இரண்டில் ஓடும் கருவிகள் இருக்கின்றன. கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் அப்படிப்பட்டது. இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. தீர்ந்தால் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் புதிது கிடைக்கும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் கருவியின் அமைப்புகளில் பேட்டரி வகையையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மீதி எவ்வளவு இருக்கிறது என்று அது தவறாகக் காட்டும்.

இரண்டு, திரை. கடைக்குள் விளக்கொளியில் பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வெயிலில் நின்று பாருங்கள். நல்ல கைக்கருவியின் திரை வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். தொடுதிரை வேண்டுமா, பட்டன் வேண்டுமா என்றால் மழையிலும் குளிரிலும் நடப்பவர்களுக்குப் பட்டன்தான் நல்லது.

மூன்று, திசைகாட்டி. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் மின்னணுத் திசைகாட்டி இருக்காது. அவை நீங்கள் நடக்கும்போதுதான் திசையைச் சரியாகக் காட்டும். நின்றால் அம்புக்குறி தாறுமாறாகச் சுற்றும். ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் போன்றவற்றில் திசைகாட்டி உண்டு, நின்ற இடத்திலேயே திசை தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று நின்று தேடுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதைச் சீர்செய்ய வேண்டும். திரையில் சொல்கிறபடி கருவியை மூன்று விதமாகச் சுற்றினால் போதும், ஒரு நிமிட வேலை.

நான்கு, ஆன்டெனா. தட்டையான சிறிய கருவியை உள்ளங்கையில் வானம் பார்க்கப் படுக்கை வாட்டில் பிடிக்க வேண்டும். தலையில் குச்சி போல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் கார்மின் ஜிபிஎஸ்மேப் வகைக் கருவிகளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற விதம் மாறினால் சமிக்ஞை குறையும். இந்த நான்கையும் தாண்டி, கேமரா, பாட்டு, வானிலை என்று பட்டியல் நீளும் வசதிகளுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இங்கே வரும் உறவினர்களுக்கும் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சில கைக்கருவிகள் இடத்தைக் காட்டுவதோடு செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அனுப்பும். கார்மின் இன்ரீச் வகை அப்படிப்பட்டது. அரசின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதும் இயக்குவதும் சட்டப்படி குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சமிக்ஞையை வாங்க மட்டும் செய்யும் கருவி வேறு, அனுப்பவும் செய்யும் கருவி வேறு.

இனி, பயன்படுத்தும் முறை. உல்மர் கொடுத்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். வடக்கு 45 டிகிரி, 17.460 நிமிடம். மேற்கு 122 டிகிரி, 24.800 நிமிடம். ஜியோகேச்சிங்கில் இடத்தை இப்படித்தான் எழுதுவார்கள். டிகிரி, பிறகு நிமிடம், நிமிடத்துக்குப் பிறகு மூன்று தசம இலக்கம். இங்கே விநாடி கிடையாது. 17.460 என்பதை 17 நிமிடம் 46 விநாடி என்று உள்ளிட்டால் என்ன ஆகும்? 0.460 நிமிடம் என்பது 27.6 விநாடிதான். 18 விநாடிக்கு மேல் வித்தியாசம். தரையில் அது அரைக் கிலோமீட்டரையும் தாண்டிவிடும். அந்த மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினாலோ, வடக்கு தெற்காக இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடம் நகரும். அதனால் எண்ணை உள்ளிட்டதும் இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். கருவியின் அமைப்பில் டேட்டம் என்ற இடத்தில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்க வேண்டும். பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதுதான் அது. வேறு கணக்கு இருந்தால் எண் சரியாக இருந்தும் இடம் தள்ளிப்போகும்.

வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக, வண்டி நிற்கும் இடத்தைக் கருவியில் பதிந்துவிடுங்கள். பெட்டி கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இருட்டுவதற்குள் திரும்பி வர வழி தெரிய வேண்டும். கருவியைப் போட்டவுடன் ஓடாமல் திறந்த வெளியில் சில நிமிடம் நில்லுங்கள். வேறு கண்டத்துக்கு விமானத்தில் கொண்டுபோன கருவியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையையும் வானத்திலிருந்து வாங்கிக்கொள்ள அதற்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

அம்புக்குறி காட்டுவது காக்கை பறக்கும் நேர்வழி. நடுவில் ஓடும் ஆறும் வேலியும் பள்ளமும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் பாதை எவ்வளவு கடினம், தேடுவது எவ்வளவு கடினம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்று, ஒன்றரைக்கு மேல் போக வேண்டாம். பாதைக்கு ஐந்து என்றால் கயிறோ படகோ தேவைப்படலாம்.

இப்போது கடைசிப் பத்து மீட்டர். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். திரையில் 8 மீட்டர் என்று காட்டும். இரண்டடி வைத்தால் 5. இன்னும் இரண்டடி வைத்தால் 9. அதைத் துரத்திக்கொண்டு வட்டமடிப்பதில் பயன் இல்லை. திரையின் ஓரத்தில் துல்லியம் 4 மீட்டர் என்று கருவி சொல்கிறது என்றால், அது காட்டும் புள்ளியைச் சுற்றி அநேகமாக 4 மீட்டருக்குள் நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று பொருள். பெட்டியை வைத்தவரின் கருவிக்கும் அதே அளவு பிழை இருந்திருக்கலாம். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகியிருந்தால் எட்டு மீட்டர் ஆகிவிடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இருபது மீட்டர் தூரத்தில் நின்று அம்பு எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். விழுந்து கிடக்கும் மரம் ஒன்றைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் நகர்ந்து வேறொரு கோணத்திலிருந்து மறுபடி பாருங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, கருவியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். இனி கண்ணுக்குத்தான் வேலை. அந்த மரத்தின் அடியில் பட்டைத் துண்டுகள் வரிசையாக அடுக்கினாற்போல் கிடக்கின்றனவா? இயற்கை அப்படி அடுக்காது. கல் ஒன்றின் ஈரமான அடிப்பக்கம் மேலே இருக்கிறதா? யாரோ அண்மையில் புரட்டியிருக்கிறார்கள். நான் வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசியுங்கள். கையை நேராகப் பொந்துக்குள் விடாதீர்கள், முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

கிடைத்துவிட்டால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். எடுத்த பொருளுக்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வையுங்கள். சாப்பாட்டுப் பொருள் வேண்டாம், விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் கடித்துவிடும். இருந்த இடத்தில் இருந்தபடியே மூடி வையுங்கள். உல்மர் புதைத்தது போல இன்று அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்க விதி இடம் தருவதில்லை. நீங்களே ஒன்றை வைப்பதாக இருந்தால் நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்குங்கள். பெட்டியின் மேல் இது என்ன என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் தெருவில் வைத்த ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்க வைத்தார்கள். கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் ரயில் நிலையமும் இந்த விளையாட்டுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. நம் நாட்டில் வனத்துறைக் காடுகளும் எல்லைப் பகுதிகளும் அப்படியே. அனுமதி இல்லாமல் அங்கே கருவியோடு போகாதீர்கள்.

நேயர்களே, விலை உயர்ந்த கருவி அதிகப் பெட்டிகளைக் கண்டுபிடித்துத் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எளிய கருவி ஒன்றை வாங்குங்கள். அதன் பிழை எவ்வளவு என்று அதுவே சொல்வதைப் படிக்கப் பழகுங்கள். உங்கள் வீட்டு வாசலின் எண்களை ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மாலையிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை மீட்டர் மாறுகிறது என்று குறித்து வையுங்கள். கருவியை எந்த அளவு நம்பலாம், எங்கிருந்து உங்கள் கண்ணை நம்ப வேண்டும் என்பதை அந்தப் பயிற்சி கற்றுத்தரும். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட நன்றாக அவர்கள் மனதில் பதியும்.