மவுத்வாஷும் நம் கிணற்று ஜலமும்

சொத்தைப் பல்லைத் தடுக்கும் ஃப்ளோரைடு மவுத்வாஷ் நல்லதுதான். ஆனால் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துப் போர்வெல்கள் பலவற்றில் ஃப்ளோரைடு ஏற்கனவே அதிகம். குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை விழக் காரணம் அதுதான். காய்ச்சினால் போகுமா என்று கேட்கிறார்கள். ஜலம் வற்ற வற்றச் செறிவு கூடும், அவ்வளவே.

போன லீவில் என் ஐந்து வயதுப் பேரன், நான் கொப்பளிப்பதைப் பார்த்து, தானும் மூடியில் ஊற்றி விழுங்கிவிட்டான். உடனே பால் கொடுத்து டாக்டரிடம் ஓடினோம், ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டேன். 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு கரைசல் 10 மில்லியில் சுமார் 2.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 என்ற உச்ச வரம்பில் நிற்கும் ஜலம் ஒன்றரை லிட்டர் குடித்ததற்குச் சமம்!

ஆறு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் 10 மில்லி, ஒரு நிமிஷம் கொப்பளித்து முழுக்கத் துப்பவும். அரைமணி காப்பிகூடக் கூடாது. பாட்டில் இப்போது என் பீரோவில், பூட்டுக்குள்.