பொறியின் பற்பட்டை



புலவனுக்கும் மகிழுந்துப் பொறிக்கும் என்ன உறவு என்று நீங்கள் முறுவலிப்பது தெரிகின்றது. மூன்று திங்கள் ஊதியத்தைப் பட்டறையில் இறக்கி வைத்த உறவு அது. நான் வாங்கியது பிறர் ஓட்டிய பழைய வண்டி. பற்பட்டையை என்று மாற்றினீர் என்று விற்றவரைக் கேட்டேனல்லேன். ஓடுகின்ற வண்டியில் குறை ஏது என்றிருந்து விட்டேன். திண்டிவனத்தைக் கடந்து செல்கையில், ஒரு நண்பகலில், முனகல்கூட இன்றிப் பொறி அடங்கிற்று. அறியாமையால் திறவுகோலை மீண்டும் மீண்டும் திருகினேன். வளையாது தப்பியிருந்த ஓரதர்களையும் அத் திருகலே வளைத்திருக்கக் கூடும் என்று பட்டறைத் தம்பி பின்னர்ச் சொன்னார்.

பட்டறையில் ‘டைமிங் பெல்ட்’ என வழங்குவதையே பற்பட்டை என்கின்றேன். உட்புறம் பல் அமைந்த பட்டையாதலின் அப்பெயர் சாலும். உந்துதண்டுகளின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது வணரித்தண்டு. ‘வால்வு’ எனப்படும் ஓரதர்களைத் திறப்பது நெம்புருள் தண்டு. நான்கு வீச்சுப் பொறியில் முன்னது இருமுறை சுழன்றால் பின்னது ஒருமுறையே சுழல வேண்டும். ஆகவே மேலுருளியில் பற்கள் இருமடங்கு. இவ்விரண்டையும் பிணைத்து முறை பிறழாது காப்பது இப்பட்டையே. ஒரு பல் நழுவினாலும் பொறி தடுமாறும். பட்டை அறுந்தாலோ நெம்புருள் நின்றுவிடும். வணரியோ தன் விசையால் மேலும் சுழலும். பல பொறிகளில், திறந்த ஓரதர் இறங்கி நிற்கும் இடத்திற்கே உந்துதண்டும் ஏறி வரும். மோதல்தான். சிலவற்றில் இடைவெளி உண்டு. அவை நின்று போவதோடு சரி.

செருமனியின் பவேரியாவில் கிளாசு என்னும் நிறுவனம் செய்து 1962-இல் விற்பனைக்கு வந்த ‘1004’ மகிழுந்தே இப்பட்டையைத் தாங்கிப் பெருந்தொகையில் வெளிவந்த முதல் வண்டி. அதற்கு முன்னர்ச் சங்கிலியும் பற்சில்லும் இவ்வேலையைச் செய்தன. சங்கிலி எண்ணெயில் நனைந்து ஓடும்; தேய்ந்தால் கலகலக்கும். ரப்பரும் கண்ணாடி இழையும் சேர்ந்த பட்டையோ பெரும்பாலும் உலர்ந்தே ஓடும். விலை குறைவு, எடை குறைவு, இரைச்சலும் குறைவு. அவ் வாய்மூடித்தனந்தான் என்னை ஏய்த்தது!

வெடிப்பு, பிசிறு, பல் உதிர்தல் ஆகியன கண்ணுக்குத் தெரியும் குறிகள். ஆயினும் வாழ்நாள் முடிந்த பட்டை புதிதுபோல் தோன்றுவதும் உண்டு. ஆகவே பார்வையை நம்பாது, கையேடு சொல்லும் தொலைவையும் ஆண்டையும் கணக்கிடுக. இவற்றுள் முந்துவதே கெடு. பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை சொல்வர். எண்ணெயோ குளிர்நீரோ கசிந்து பட்டையில் பட்டிருந்தால் கெடுவுக்குக் காத்திராதீர். கசிவை அடைத்துப் பட்டையையும் மாற்றுக. பட்டையை இறுக்கும் உருளியையும், பட்டையே சுழற்றும் நீரேற்றியாயின் அதனையும் உடன் மாற்றுதல் நன்று. ஒரே உழைப்பில் முடியும் வேலையை இருமுறை செய்விப்பானேன்? புதுப்பட்டையை மடித்தலும் முறுக்குதலும் கூடா, உள்ளிழை ஒடியும்.

பூட்டிய பின், பொறியை முடுக்குமுன், வணரியைக் கையால் இருசுற்று சுற்றி உருளிக் குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். இடையே முட்டினால் வன்மையாகத் திருகாது நிறுத்துக. என் வண்டிக்கு அதைச் செய்யுமளவும் நான் பட்டறையை விட்டு நகரவில்லை. தம்பிக்குச் சற்றுச் சினந்தான்! மாற்றிய நாளையும் ஓடிய தொலைவையும் ஒரு சீட்டில் எழுதி, பொறி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கின்றேன். இனி அவ் வண்டியை எவர் வாங்கினும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.